இலங்கையில் பறவை பார்க்க எந்தச் சுற்று: முழுத்தீவா, மழைக்காடா, மன்னாரா?

வழிகாட்டியோடு இலங்கைக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று விசாரிக்கத் தொடங்கினால் வந்து விழும் திட்டங்கள் பெயரில்தான் வேறுபடும். உள்ளே பிரித்துப் பார்த்தால் மூன்றே வகை. மழைக்காடு, மலைநாடு, வறண்ட காடு, கடலோர உப்பளம் என எல்லாவற்றையும் தொட்டு வரும் 10 முதல் 14 நாள் முழுச்சுற்று ஒன்று. கித்துல்கல, சிங்கராஜ, நுவரெலியா என்று தென்மேற்கோடு நின்றுகொள்ளும் ஒரு வாரச் சுற்று இன்னொன்று. குளிர்காலத்தில் மட்டும் போகத்தக்க வடக்கு, அதாவது மன்னாரும் யாழ்ப்பாணக் குடாநாடும், மூன்றாவது.

இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சொல்ல முடியாது. கேட்பவர் எங்கிருந்து புறப்படுகிறார், இதுவரை எதையெல்லாம் பார்த்திருக்கிறார் என்பதைப் பொறுத்து விடை அடியோடு மாறும். திருச்சியிலிருந்து போகிறவருக்கும் டொராண்டோவிலிருந்து வருகிறவருக்கும் ஒரே திட்டத்தைத் தலையில் கட்டுகிறார்கள். அங்கேதான் கோளாறு ஆரம்பம்.

தீவின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய தமிழ்நாட்டில் பாதி. அந்தப் பாதிக்குள் கடல் மட்டத்திலிருந்து பிதுருதலாகல மலையின் 2,524 மீட்டர் வரை உயரம் ஏறுகிறது. மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் சோளகக் காற்று மழையையெல்லாம் தென்மேற்குச் சரிவில் கொட்டிவிடுகிறது. அங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், சில மலைச்சரிவுகளில் 5,000-ஐயும் தாண்டும். மன்னார்ப் பக்கம் 1,000 தேறுவதே கஷ்டம். வாடைக்காற்றுக் காலத்தில்தான் அந்த மண் நனையும்.

மழை இப்படிப் பிரிந்து கிடப்பதால் பறவைகளும் பிரிந்து கிடக்கின்றன. தீவில் இதுவரை பதிவானவை 500-க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை 34 அல்லது 35, எந்த வகைப்பாட்டைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து. இந்த முப்பத்துச் சொச்சத்தில் பெரும்பகுதி தென்மேற்கின் ஈரக்காட்டிலும் அதற்கு மேலே மலையிலும்தான் இருக்கிறது. வறண்ட பகுதியிலும் வடக்கிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை தென்னிந்தியாவிலும் உள்ளவை.

பேக்கேஜ் விற்பவர்கள் இன எண்ணிக்கையைச் சொல்லித்தான் விற்பார்கள். 200 பறவை, 220 பறவை, இலங்கைக்கே உரியவை அத்தனையும் என்று அடுக்குவார்கள். நான் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வாழிடத்திலும் எத்தனை விடியல் கிடைக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். வெப்பமண்டலக் காட்டில் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிந்த முதல் மூன்று மணி நேரம், அப்புறம் சாயங்காலம் கொஞ்சம். காலை 10 மணிக்குக் காட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும் திட்டம் காகிதத்தில் அந்தக் காட்டைச் சேர்த்துக்கொண்டதே தவிர, உங்களுக்கு அதைக் காட்டப்போவதில்லை.

முழுச்சுற்று

கொழும்பிலிருந்து கித்துல்கல, அங்கிருந்து சிங்கராஜ, உடவளவை, திஸ்ஸமஹாராம, புந்தல, யால, பிறகு மலையேறி நுவரெலியா, கண்டி, கடைசியில் சீகிரியா. நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை முன்பின் ஆகலாம், ஊர்கள் அநேகமாக இவைதான். 14 நாள் இருந்தால் இது உண்மையிலேயே நல்ல பயணம். ஒரே வாரத்துக்குள் அட்டை கடிக்கும் மழைக்காட்டிலும், முள்மரக் காட்டிலும், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத மேட்டுநிலத்திலும் நிற்கிற வாய்ப்பு இவ்வளவு சின்னத் தீவில் கிடைப்பது பெரிய விஷயம்.

சிக்கல் 10 நாள் பதிப்பில். ஊர்களைக் குறைக்க மாட்டார்கள், இரவுகளைத்தான் குறைப்பார்கள். கல்யாண இலையில் எல்லாப் பதார்த்தமும் ஒரு கரண்டி வைத்த மாதிரி, சிங்கராஜவில் ஓர் இரவு, நுவரெலியாவில் ஓர் இரவு என்று ஆகிவிடும். சிங்கராஜவில் ஓர் இரவு என்றால் ஒரே ஒரு விடியல். அன்று மழை பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. மழை பிடித்துக்கொள்வது அங்கே அதிசயமும் இல்லை.

வறண்ட பகுதியில் உடவளவையை நான் மதிக்கிறேன். 1972-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், யானைக்குப் பெயர்போனது. ஆனால் நீர்த்தேக்கத்தின் ஓரத்துப் புல்வெளியும் புதரும் பறவைக்கும் அருமையானவை. மரம் நெருக்கமாக இல்லாததால் கழுகுகளும் இருவாச்சிகளும் பஞ்சுருட்டான்களும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்காரும். ஜீப்பில் உட்கார்ந்தபடியே ஒரு காலையில் 60, 70 இனம் பார்ப்பது சாதாரணம்.

யாலவைப் பற்றி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அது சிறுத்தைக்குப் போகிற இடம். முதல் பிளாக்கில் எங்கோ ஒரு சிறுத்தை கிளையில் படுத்திருக்கிறது என்று போன் வந்துவிட்டால் போதும், சுற்றுவட்டத்தில் உள்ள எல்லா ஜீப்பும் புழுதி கிளப்பிக்கொண்டு அங்கே ஓடும். உங்கள் ஜீப் ஓட்டுநரும் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்பதை மறந்துவிடுவார். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்கவும் முடியாது. பறவைக்காக மட்டும் போகிறவர்கள் யாலவுக்கான காலையை வெட்டிவிட்டு, அதைத் திஸ்ஸமஹாராம குளக்கரையிலோ புந்தலயிலோ செலவழிப்பது நல்லது. திஸ்ஸ குளத்தைச் சுற்றி நடந்தே போகலாம். தாமரை இலை மீது நீண்டவால் இலைக்கோழி நடப்பதையும், நாணலுக்குள் குருகுகள் கழுத்தை நீட்டிச் சிலையாக நிற்பதையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

புந்தல இலங்கையின் முதல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் சேர்ந்த இடம், 1990-இல் அறிவிக்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் பூநாரை பார்க்க அங்கே போகாதீர்கள். மேலே உள்ள பாசனத் திட்டத்திலிருந்து நன்னீர் வழிந்து களப்புகளின் (கடலோர உப்பேரிகளின்) உப்பு குறைந்து போனதால், பூநாரைகள் அந்தப் பக்கம் பெரும்பாலும் வருவதை விட்டுவிட்டன. உள்ளான்களும் நாரைகளும் கரண்டிவாயன்களும் கூழைக்கடாக்களும் இன்னும் உண்டு.

இப்போது முக்கியமான கேள்வி. வேடந்தாங்கலும் கோடியக்கரையும் கூந்தன்குளமும் சுற்றிப் பழகிய ஒருவருக்கு இந்தத் தென்கிழக்குப் பகுதியில் புதிதாக என்ன கிடைக்கும்? பட்டியல் கணக்கில் அதிகமில்லை. இலங்கைக் காட்டுக்கோழி கிடைக்கும், ஆனால் அது சிங்கராஜ வாசலிலேயே கோழி மேய்கிற மாதிரி மேயும். முழுச்சுற்றின் செலவிலும் நாட்களிலும் பெரும்பங்கு இந்தப் பகுதிக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. வெளிநாட்டில் வளர்ந்து, பனங்காடையைக்கூட இதுவரை பார்க்காதவர் என்றால் நேர்மாறு. அவருக்கு உடவளவையின் ஒரு காலை ஒரு மாதம் பேசக் காணும்.

தென்மேற்கும் மலையும்

இரண்டாவது வகையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வில் குழப்பம் வருவது இங்கேதான்.

கித்துல்கல களனி ஆற்றங்கரையில், கொழும்பிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் மாகந்தாவ காடு. காட்டுக்குள் போவதற்கு முன்பே கிராமத்து வீட்டுத் தோட்டங்களில் பாதிப் பறவைகள் வந்துவிடும். மஞ்சள்நெற்றிக் குக்குறுவான் பலாமரத்தில் இருக்கும், தொங்குகிளி தென்னம்பூவைக் கொத்திக்கொண்டிருக்கும். கித்துல்கலவின் பலம் அதன் எளிமை. விமானம் இறங்கிய அன்றே போய்ச் சேரலாம், நடை குறைவு, தங்க நல்ல இடங்கள் உண்டு. நேரமே இல்லாதவர்கள் கித்துல்கல போதும், சிங்கராஜ வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு.

நான் விடமாட்டேன். காரணம் கலப்புக் கூட்டங்கள். சிங்கராஜ 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான காடு. அதில் பல இனப் பறவைகள் சேர்ந்து இரை தேடி நகர்வதை 1980-களிலிருந்தே ஆய்வு செய்துவருகிறார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாக 40-க்குச் சற்று மேல் பறவைகள், பதினொரு பன்னிரண்டு இனங்கள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

நேரில் அது எப்படி நடக்கும் என்றால், ஒரு மணி நேரம் காடு காலியாகக் கிடக்கும். சில்வண்டுச் சத்தம், இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், காலுறைக்கு மேலே ஏறப் பார்க்கும் அட்டைகள், அவ்வளவுதான். வழிகாட்டி திடீரென்று நின்று கையை உயர்த்துவார். செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கீச்சுக்கீச்சுச் சத்தம் முதலில் வரும். கூட்டத்தைக் கட்டி இழுத்துப் போவது பெரும்பாலும் அவைதான். கூடவே கொண்டைக் கரிச்சான் வரும். அது மற்றப் பறவைகளின் குரலைப் போலக் கத்திக் கூட்டத்தைச் சேர்க்கும் என்பதையும் அங்கேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். அடுத்த பத்து நிமிடம் எங்கே பார்ப்பது என்று தெரியாது. கீழே புதரில் சாம்பல்தலைச் சிலம்பன்கள் சருகைப் புரட்டும், நடுமட்டத்தில் தீக்காக்கை அசையாமல் உட்கார்ந்திருக்கும், தலைக்கு மேல் முப்பது மீட்டரில் செம்முகப் பூங்குயில் ஓர் இலைக்கொத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். முகத்தின் சிவப்பு மட்டும் ஒரு நொடி தெரியும். பிறகு எல்லாம் மேட்டைத் தாண்டிப் போய்விடும். பின்னாலேயே ஓட முடியாது.

செம்முகப் பூங்குயிலுக்கும் வெண்முக மைனாவுக்கும் நீல வால்காக்கைக்கும் நம்பிப் போகக்கூடிய இடம் சிங்கராஜதான். நீல வால்காக்கை விஷயத்தில் ஒரு சௌகரியம், காட்டோரத்து விடுதிகளின் விளக்கடியில் ராத்திரி விழுந்து கிடக்கும் அந்துப்பூச்சிகளைப் பொறுக்க விடிகாலையில் அதுவே வந்துவிடும். டீயைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். காட்டுக்கு வெளியே கடலோர ஹோட்டலில் தங்கவைத்து, சிங்கராஜவைப் பகல் பயணமாகக் காட்டும் திட்டத்தில் இது கிடைக்காது. அந்த வகைத் திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

செரண்டிப் ஆந்தையும் இந்தக் காடுகளின் சொத்து. 1995-இல் தீபால் வறகாகொட அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். 2001 ஜனவரியில் சிங்கராஜவில் பறவையை நேரில் பார்த்தார். 2004-இல் அது புதிய இனமாக அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கையில் புதிய பறவை இனம் எதுவும் கண்டுபிடிக்கப்படாமல் இருந்த பிறகு வந்தது. பகலில் அது தரைக்குச் சற்று மேலே இலைக்கொத்துக்குள் தூங்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்களோடு வரும் வழிகாட்டி அல்ல. முதல் நாளே காட்டுக்குள் போய்ப் பார்த்து வைக்கும் உள்ளூர் ட்ராக்கர்தான். நீங்கள் அங்கே ஓர் இரவு மட்டும் தங்கினால் அவருக்குத் தேட நேரமே இருக்காது. மூன்று இரவு தங்கினால் இரண்டாம் நாளாவது போன் வரும்.

சிங்கராஜவுக்குள் தனியே சுற்ற முடியாது, வனத்துறை வழிகாட்டி ஒருவர் கூட வருவார். பறவை தெரிந்தவராகவும் இருக்கலாம், மரம் மட்டும் தெரிந்தவராகவும் இருக்கலாம். அதனால்தான் சொந்தமாக ஒரு பறவை வழிகாட்டியும் தேவைப்படுகிறது. அட்டைக்குத் துணியில் தைத்த முழங்கால் உறை வாங்கிக்கொள்ளுங்கள், உப்பை நம்பாதீர்கள், முதல் மழையில் கரைந்துவிடும். மழைக்கோட்டைவிடக் குடை மேல். பைனாகுலரும் நனையாது, வியர்த்தும் ஊற்றாது.

மலைக்கு வருவோம். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. ஊர் நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவைப் பார்த்தால், இங்கேயா என்று தோன்றும். புல்தரை, பூப்பாத்தி, ஊஞ்சல், கல்லூரிக் காதலர்கள், ஓரத்தில் அவ்வளவு நல்ல வாசனை இல்லாத ஓர் ஓடை. அந்த ஓடைக்கரையில்தான் குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி குப்பையைக் கிளறும். கருப்பு வெள்ளைப் பூங்குருவி இருட்டும் நேரத்தில் தரையில் இறங்கும். மரங்களில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து உட்காரும். காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தீபகற்பம் முழுவதையும் தாண்டி இவ்வளவு தூரம் வருகிற பறவை, வந்து தங்குவது ஒரு நகராட்சிப் பூங்காவில். நீலகிரிக்கும் அது வருவதால் ஊட்டியில் பார்த்தவர்கள் இதில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஹோர்ட்டன் சமவெளி வேறு. 2,100 மீட்டருக்கு மேல், ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி பிடிக்கும். சுற்றுலாக் கூட்டம் உலக முடிவுப் பாறையைப் பார்க்க ஓடும். பறவைக்காரர்கள் வழியிலுள்ள அரெங்கா குளத்தில் நின்றுவிடுவார்கள். இலங்கைச் சீகாரப் பூங்குருவி விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் சில நிமிடம் மட்டும் ஓடையோரம் வெளிவரும். மங்கலான வெளிச்சத்தில் தோளில் ஒரு நீலப் பொட்டு பளிச்சென்று தெரிந்தால் அதிர்ஷ்டம். இதற்கு நுவரெலியாவிலிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டும். இங்கேயும் ஒரு விடியல் தவறினால் மறுநாளுக்கு வழி இருக்க வேண்டும், ஆகவே இரண்டு இரவு. வாசலில் பையைத் திறந்து பாலிதீன் உறைகளைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள், பிஸ்கட் பாக்கெட்டின் மேலுறை உட்பட. காலைச் சாப்பாட்டைத் துணியிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு போனால் வரிசையில் நிற்கிற நேரம் மிச்சம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நிறையச் சுற்றியவர்கள் இங்கேயும் ஒரு கழித்தல் கணக்குப் போட வேண்டும். தவளைவாயன், தீக்காக்கை போன்றவை இரண்டு மலைகளுக்கும் பொது. கேரளத்துத் தட்டேக்காட்டில் தவளைவாயனைக் கண் நிறையப் பார்த்தாயிற்று என்றால், அதற்காக இங்கே ஓர் இரவைச் செலவழிக்கத் தேவையில்லை என்று வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் கடமை தவறாமல் காட்டிக்கொண்டிருப்பார்.

வடக்கு

மன்னாரின் கணக்கே வேறு. இங்கே இலங்கைக்கே உரிய பறவையைத் தேடிப் போவதில்லை. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்கு முனையில் இருக்கும் தீவு இலங்கை, தீவைத் தாண்டினால் தெற்கே அண்டார்டிகா வரை வெறும் கடல்தான். நவம்பர் முதல் மார்ச் வரை வந்து குவியும் கூட்டத்தைப் பார்க்கப் போவது. வங்காலைச் சரணாலயம் 2010-இல் ராம்சர் தலமானது, பரப்பு 4,839 ஹெக்டேர். மன்னார்த் தீவை நிலத்தோடு இணைக்கும் தாம்போதியில் வண்டியை நிறுத்தினாலே இரண்டு பக்கமும் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் மூக்கான்களும் பரந்து கிடக்கும். தண்ணீர் மட்டம் சரியாக இருந்தால் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். தலைமன்னார்ப் பக்கம் நண்டுதின்னிப் பறவை, பெரிய கடற்காகங்கள், ஆலாக்கள் கிடைக்கும். கட்டுக்கரைக் குளத்தில் நன்னீர்ப் பறவைகள். கவுதாரி, கரிச்சான் போல நமக்குத் தெருவில் கிடைக்கிற சில பறவைகளுக்கு இலங்கையில் இந்த வடமேற்கும் வடக்கும்தான் வீடு. கொழும்பு பறவை ஆர்வலர்கள் 300 கிலோமீட்டர் தாண்டி வந்து கவுதாரியைப் படமெடுப்பதைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

அப்படியானால் தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது? பட்டியலில் சேருவது சொற்பம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவுதான், பறவைக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் நண்டுதின்னியை நம் பக்கத்தில் பார்க்கப் பெரும்பாலும் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகும் அனுமதியும் வேண்டும். உள்ளான்களைப் பொறுமையாக ஸ்கோப்பில் (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கியில்) பிரித்துப் பார்க்கப் பிடிக்கும் ஆளாக இருந்தால், மன்னாரின் திறந்த சேற்றுவெளிக்கு ஈடு இல்லை.

யாழ்ப்பாணத்தையும் சேர்த்தால் சுவை கூடும். தீவுகளுக்குப் போகும் கடல்வழிச் சாலைகளின் இரு பக்கத்திலும், தொண்டைமானாற்றிலும், 1938-இலேயே சரணாலயமாகி 2015-இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்திலும் பறவைகள் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் இருப்பதால் கொழும்பையே தொடாமல் போய்வரலாம். சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரி தாண்டி மன்னாருக்கு இறங்கும் ஏ32 சாலையே ஒரு நல்ல பறவைப் பாதை. உறவுக்காரர்களைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிற புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்தச் சுற்று தனிப் பயணமாகவே இருக்க வேண்டியதில்லை, விடுமுறையில் நான்கு நாளை ஒதுக்கினால் போதும்.

இன்னொரு லாபம், வழிகாட்டிக்கு வெளியேயும் பேச்சுத்துணை கிடைக்கும். சிங்கராஜவில் பறவைகளின் ஆங்கிலப் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டும். மன்னாரில் வலை காய வைக்கிற ஆளிடம் இன்றைக்குப் பூநாரை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம், சரியாகவே சொல்வார்.

குறையும் சொல்ல வேண்டும். நிழல் கிடையாது, காற்று ஓயாது, பார்ப்பதெல்லாம் தூரத்தில். ஸ்கோப் இல்லாத வழிகாட்டியோடு மன்னார் போவது வீண். குழந்தைகளுக்குக் கழுதைகளையும் பெருக்க மரத்தையும் பார்த்த பிறகு அலுத்துவிடும். மன்னார்த் தீவின் தென்கரை நெடுக இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. வலசைப் பாதையில் அவற்றை வைத்தது பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, படமெடுப்பவர்களுக்குப் பின்னணியில் அவை விழாமல் இருப்பதும் கஷ்டம்.

குழுவா, தனி வழிகாட்டியா

எந்தச் சுற்று என்று முடிவானதும் இது வரும். வெளிநாட்டு நிறுவனங்களின் குழுப் பயணத்தில் எட்டுப் பத்துப் பேர், நல்ல வழிகாட்டி, தேதி முன்கூட்டியே நிச்சயம். வறண்ட பகுதியிலும் மன்னாரிலும் குழு ஒரு தடையே இல்லை, ஸ்கோப்பில் வரிசையாக நின்று பார்த்துக்கொள்ளலாம், தலைக்குச் செலவும் குறையும். சிங்கராஜவின் ஒற்றையடிப் பாதையில்தான் பிரச்சினை. கூட்டம் கடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் முன்னால் நிற்கும் மூன்று பேருக்குத் தெரிவது ஏழாவது ஆளுக்குத் தெரியாது. தரையில் ஓடும் இலங்கை ஸ்பர்ஃபவுல் போன்ற கூச்சப் பறவை பத்து ஜோடிக் கால்சத்தம் கேட்டால் வெளியே தலைகாட்டாது. ஆகவே மழைக்காட்டுச் சுற்றுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து தனி வழிகாட்டி அமர்த்தினால் குழுப் பயணத்தைவிடச் செலவு அப்படியொன்றும் ஏறிவிடாது.

இங்கே ஒரு பொடி வைத்த இடம் உண்டு. இலங்கைச் சுற்றுலா மேம்பாட்டு அதிகார சபை உரிமம் கொடுத்த வழிகாட்டிகளில் சாரதியே வழிகாட்டியாக வருகிற வகையும் உண்டு. பண்பானவர்கள், சாலையும் ஊரும் அத்துப்படி. ஆனால் மூடுபனிக்குள் வருகிற ஒரு கீச்சொலியைக் கேட்டு இது எந்தச் சிலம்பன் என்று சொல்வது வேறு வித்தை. மலிவான 'பறவைச் சுற்று' பலவற்றில் வருபவர் அவர்தான். உங்களோடு வரப்போகிற ஆளின் பெயரைக் கேளுங்கள், பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் அவர் போட்ட பட்டியல்களைத் தேடிப் பாருங்கள். சிங்கராஜவில் சென்ற பருவத்தில் எத்தனை காலை நடந்திருக்கிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். தினம் நான்கு குழு வந்து போகிற இடத்தில் ஒரே ஆந்தைக்கு நான்கு தடவை எதிரி வந்துவிட்டதாகப் பொய் சொல்வதுதான் அது. தயங்காமல் ஆமாம் என்கிறவரை நான் எடுப்பதில்லை.

கட்டணம் பேசும்போது பூங்கா நுழைவும் ஜீப் வாடகையும் உள்ளடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். வனவிலங்குத் துறையின் பூங்காக்களில் வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு, மொத்தச் செலவில் அது சின்னத் தொகை அல்ல. சார்க் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குச் சலுகை உண்டா என்று ஒவ்வொரு பூங்காவுக்கும் தனித்தனியாகக் கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

காலம் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தென்மேற்குக்கும் மலைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை, வடக்குக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் மலைச்சாலைகளில் மண்சரிவு பயம் உண்டு. ஏப்ரல் நடுவில் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவுக்குச் 'சீசன்', அறையும் கிடைக்காது, விக்டோரியா பூங்காவில் நிற்க இடமும் கிடைக்காது. ஆறுமணிக்குருவியும் அதற்குள் கிளம்பிவிடும்.

அப்படியானால் யாருக்கு எது? இந்தியத் துணைக்கண்டத்தில் பறவை பார்ப்பது இதுவே முதல் தடவை என்றால், அல்லது கூட வருகிறவர்களில் யானையும் கோட்டையும் கேட்கிறவர்கள் இருந்தால், முழுச்சுற்று. 14 நாளுக்குக் குறைந்தால் அதை எடுக்க வேண்டாம், சீகிரியாவை வெட்டியாவது இரவுகளைச் சேருங்கள். கரைப்பறவைப் பித்து உள்ளவருக்கும், ஏற்கெனவே தெற்கைப் பார்த்து முடித்தவருக்கும், யாழ்ப்பாணத்தில் வேலை இருப்பவருக்கும் வடக்கு.

தமிழ்நாட்டில் ஐந்தாறு வருடம் சுற்றிய ஒருவர் முதன்முறை போகிறார் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. பிப்ரவரியில் 8 இரவு. கித்துல்கல 2, சிங்கராஜ 3, போகிற வழியில் உடவளவை 1, வெல்லவாய, பண்டாரவளை வழியாக ஏறி நுவரெலியா 2, அங்கிருந்து ஹட்டன் வழியாகக் கொழும்பு. உடவளவை ஒரே ஒரு விடியலுக்கு, அதுவும் சிங்கராஜவின் ஈரத்துக்குப் பிறகு துணி காய்வதற்கும் சேர்த்து. விடுப்பு கிடைக்காமல் ஓர் இரவைக் குறைக்க வேண்டி வந்தால் உடவளவையை எடுத்துவிடலாம். இரண்டு குறைக்க வேண்டி வந்தால் கித்துல்கலவில் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். சிங்கராஜவின் மூன்றில் கை வைக்கச் சொல்கிற நிறுவனத்திடம் மட்டும் பேரம் பேசாமல் அடுத்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.